டெசிக்கேட்டரில் இருக்கும் பாஸ்பரஸ் பென்டாக்சைடு ஓடு கட்டிவிட்டது: என்ன செய்வது?

தொடுகோடு (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் ஆய்வகத்தின் வெற்றிட டெசிக்கேட்டரில் (மாதிரிகளை உலர்த்தும் மூடிய கலம்), அடித்தட்டில் ஈரத்தை இழுக்கும் பாஸ்பரஸ் பென்டாக்சைடு இருக்கிறது. நான் சேர்வதற்கு முன்பே யாரோ வைத்துவிட்டுப் போனது. உலர்த்த வைத்த மாதிரியின் எடை மூன்று நாட்களாக அசையவே இல்லை என்பதால் நேற்று மூடியைத் திறந்து அடித்தட்டைப் பார்த்தேன். வெள்ளைத் தூள் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி போன்ற ஒரு படலம். தட்டின் ஓரங்களில் பாகு போல ஒட்டும் திரவம். கரண்டியின் பின்புறத்தால் தட்டினால் ஓட்டைத் தட்டிய ஓசை வருகிறது.

மூன்று சந்தேகங்கள். படலத்துக்கு அடியில் நல்ல தூள் மிச்சமிருக்குமா? இருக்கிறதோ இல்லையோ, இதை அப்புறப்படுத்தத் தட்டில் தண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் ஊறவைத்தால் போதுமா? கடைசியாக, டப்பாவில் பி₂ஓ₅ என்றும் புத்தகத்தில் பி₄ஓ₁₀ என்றும் இருக்கிறதே, இரண்டும் ஒன்றுதானா?

கண்ணாடிக்கலம்

தண்ணீர் ஊற்றாதீர்கள். மற்றதைப் பிறகு எழுதுகிறேன். இதை மட்டும் முதலில் படியுங்கள்.

கண்ணாடிக்கலம்

இப்போது விரிவாக. முப்பது ஆண்டுகளாக ஆய்வகப் பொருட்களோடு புழங்குகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

உங்கள் முதல் சந்தேகத்திலேயே இரண்டாவதற்கான விடையும் இருக்கிறது. அடியில் நல்ல தூள் கட்டாயம் இருக்கும். இந்தப் பொருளின் குணமே அது. மேற்பரப்பு ஈரத்தை இழுத்ததும் மெட்டாபாஸ்பாரிக் அமிலமும் அதன் நீண்ட சங்கிலி உறவினர்களும் உருவாகின்றன. அவை பாகு போன்றவை, காய்ந்தால் கண்ணாடி போன்றவை. அந்தப் பூச்சு அடியில் இருக்கும் தூளைக் காற்றிடமிருந்து மறைத்துவிடுகிறது. நீர்மேல் உள்ள தாகமே தன் வாயைத் தானே மூடிக்கொள்வது போல. ஆகவே உலர்த்தி செத்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் ஓட்டுக்கு அடியில் அது முழு உயிரோடு இருக்கிறது. அந்தத் தட்டில்தான் நீங்கள் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

நீரோடு சேரும்போது ஒரு மோல் பி₄ஓ₁₀ 400 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் விடுகிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை நீரில் தோய்த்தால் வரும் அதே சீற்றம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே தவற்றைச் செய்திருக்கிறேன். ஓடு கட்டிய தட்டைக் கழுவுதொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்தேன். முதலில் எதுவும் நடக்கவில்லை. படலம் கரைய எடுத்த சில நொடிகள்தான் அந்த அமைதி. பிறகு தட்டின் நடுவிலிருந்து சீறல் கிளம்பி, அமிலத் துளிகள் என் முன்கை வரை தெறித்தன. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் பிழைத்தது. முன்கையில் பயறு அளவுக்கு இரண்டு தழும்புகள் இன்னும் இருக்கின்றன.

எனவே முறை தலைகீழாக இருக்க வேண்டும். பெரிய பீக்கரில் பனிக்கட்டியும் நீருமாக நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். புகை வெளியேற்றும் கூண்டுக்குள், முகத்திரையும் தடித்த கையுறையும் அணிந்து, தட்டிலிருந்து உடைத்த துண்டுகளை ஒவ்வொன்றாக அந்த நீருக்குள் போடுங்கள். கலக்கிக்கொண்டே இருங்கள். ஒரு துண்டின் சீற்றம் அடங்கிய பிறகே அடுத்தது. எல்லாம் கரைந்தபின் சோடியம் கார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். நுரை பொங்கும் என்பதால் பீக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். உடைப்பதற்கு உலோகக் கரண்டி போதும். கண்ணாடித் தண்டால் குத்தினால் தண்டுதான் முதலில் உடையும்.

தூள் தோலில் பட்டால், ஒட்டியிருப்பதை உலர்ந்த துணியால் முதலில் தட்டிவிட்டு, அதன்பின் தாராளமான நீரால் நெடுநேரம் கழுவ வேண்டும். இரண்டு சொட்டு நீரைத் தடவுவது எரிச்சலைக் கூட்டத்தான் உதவும்.

மூன்றாம்பெஞ்சு

கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவன். நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ஓடு கட்டியது வெறும் பாஸ்பாரிக் அமிலம்தானே ஐயா? நன்றாகச் சூடாக்கினால் நீர் போய்ப் பழையபடி பென்டாக்சைடு ஆகிவிடாதா? தூக்கி எறிவானேன்?

தராசுமுள்

தம்பி, தாளில் அந்தச் சமன்பாடு அழகாகத் திரும்பும். குடுவையில் திரும்பாது. ஆர்த்தோபாஸ்பாரிக் அமிலத்தை, அதாவது சாதாரணப் பாஸ்பாரிக் அமிலத்தை, சூடாக்கினால் முதலில் பைரோ, பிறகு மெட்டா, அதற்குப் பிறகு மேலும் மேலும் நீண்ட சங்கிலிகள் என்று நீரை விட்டுக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் நீரைத் தனியாக விடாது. 800 டிகிரி செல்சியஸையும் தாண்டிய ஒரு வெப்பநிலையில், ஆக்சைடும் நீரும் ஒரே விகிதத்தில் சேர்ந்தே ஆவியாகிப் போகும். சாராயத்தைக் காய்ச்சி வடித்து முழுக்க நீரற்றதாக்க முடியாதே, அதே கதை. அந்த வெப்பத்தில் அந்த அமிலம் கண்ணாடியையும் பீங்கானையும் அரித்துத் தின்றுவிடும் என்பது வேறு விஷயம்.

ஆகவே பென்டாக்சைடைச் செய்ய வழி ஒன்றுதான்: வெண்பாஸ்பரஸை உலர்ந்த காற்று மிகுதியாகப் பாயும் இடத்தில் எரிப்பது. நான்கு பாஸ்பரஸ் அணுக்கள் கொண்ட மூலக்கூறு ஐந்து ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு சேர்ந்து பி₄ஓ₁₀ ஆகிறது. காற்றுக் குறைந்தால் பி₄ஓ₆, அதாவது டிரையாக்சைடு கலந்துவிடும். மட்டமான சரக்கில் லேசான பூண்டு வாடை வருவது இப்படிப்பட்ட கீழ் ஆக்சைடுகளின் கைவரிசை. சுத்தமானதற்கு வாடை இல்லை. ஆக்சிஜன் ஓட்டத்தில் பதங்கமாக்கினால் இந்தக் கசடு நீங்கும்.

அந்த வெண்பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது என்று அடுத்து கேட்பீர்கள். பாஸ்பேட் பாறை, மணல், கற்கரி மூன்றையும் மின்வில் உலையில் 1500 டிகிரிக்கு அருகில் காய்ச்சுகிறார்கள். மணல் கால்சியத்தைக் கசடாகப் பிடித்துக்கொள்கிறது, கரி ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு போகிறது, பாஸ்பரஸ் ஆவியாக வெளியேறி நீருக்கடியில் குளிர்கிறது. 1669-இல் ஹாம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் சிறுநீரைக் காய்ச்சியே பாஸ்பரஸ் எடுத்தார். அந்த நாற்றத்தோடு ஒப்பிட்டால் மின் உலை எவ்வளவோ மேல்.

எரியும்போது அந்த வெள்ளைப் புகையைப் பார்த்திருக்கிறீர்களா? உலர்ந்த கலத்துக்குள் எரித்தால் அது பனித்துகள் போலச் சுவரில் படியும். 1772 நவம்பரில் லவாய்சியே பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் முத்திரையிட்ட ஒரு குறிப்பை ஒப்படைத்தார். கந்தகமும் பாஸ்பரஸும் எரியும்போது எடை கூடுகின்றன என்பதே அதன் சாரம். எரிந்தால் ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்று உலகமே நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையை அசைத்தவற்றுள் இந்த வெள்ளைத் துகளும் ஒன்று. ஓடு கட்டிக் கிடக்கிறது என்று மட்டமாக நினைக்காதீர்கள்.

உப்புமூட்டை

தொடுகோடு கேட்ட மூன்றாவது கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். உரப் பகுப்பாய்வில் இருக்கிறேன், இந்த பி₂ஓ₅ என் அன்றாடத் தலைவலி.

டை அம்மோனியம் பாஸ்பேட் மூட்டையில் 18-46-0 என்று இருக்கும். நடுவில் உள்ள 46 என்பது பி₂ஓ₅ விழுக்காடு. அந்த மூட்டையைத் துளாவிப் பார்த்தாலும் ஒரு துகள் பென்டாக்சைடு கிடைக்காது. இருந்திருந்தால் அம்மோனியா கலந்த உப்புக்குள் அது ஒரு நாள்கூடத் தாங்கியிருக்காது. உள்ளே இருப்பது பாஸ்பேட். பழைய பகுப்பாய்வாளர்கள் பாறை, மண், சாம்பல் எல்லாவற்றையும் ஆக்சைடுகளின் கூட்டாகவே கணக்கெழுதினார்கள். உப்பு என்றால் ஒரு கார ஆக்சைடும் ஓர் அமில ஆக்சைடும் சேர்ந்தது என்ற 19ஆம் நூற்றாண்டுச் சிந்தனை. சிந்தனை போய்விட்டது, கணக்கு மட்டும் மூட்டையில் தங்கிவிட்டது. தனிமமாக வேண்டுமென்றால் 0.436 ஆல் பெருக்குங்கள். 46 என்பது 20 ஆகச் சுருங்கும்.

இதைப் புரிந்துகொள்ளாமல் இரண்டு அறிக்கைகளை ஒப்பிட்டு, "உங்கள் உரத்தில் பாதிக்கு மேல் பாஸ்பரஸைக் காணோம்" என்று சண்டைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்று தனிமக் கணக்கு, மற்றது ஆக்சைடுக் கணக்கு. அவ்வளவுதான்.

தராசுமுள்

உப்புமூட்டை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பி₂ஓ₅ என்பது விகிதம். பி₄ஓ₁₀ என்பது மூலக்கூறு. ஆவியின் அடர்த்தியை அளந்தால் இரட்டிப்பு மூலக்கூறுதான் தெரிகிறது. பெயர் பழைய விகிதத்திலிருந்து வந்ததால் பென்டாக்சைடு என்றே நிலைத்துவிட்டது.

மூலக்கூறின் உருவம் அழகானது. நான்கு பாஸ்பரஸ் அணுக்கள் ஒரு நான்முகியின் முனைகளில். ஆறு விளிம்புகளிலும் ஒவ்வோர் ஆக்சிஜன் பாலம். ஒவ்வொரு பாஸ்பரஸும் வெளியே நீட்டிய இன்னோர் ஆக்சிஜனைத் தனியாகப் பிடித்திருக்கிறது. ஆறும் நான்கும் பத்து. பாலப் பிணைப்பு சுமார் 160 பிக்கோமீட்டர், வெளியே நீட்டியது 143 தான். நீர் வந்து தாக்குவது பாலங்களை.

டப்பாவில் வருவது இந்தக் கூண்டு மூலக்கூறுகள் அடுக்கிய வடிவம். சுமார் 360 டிகிரியில் உருகாமலே பதங்கமாகும். மூடிய கலத்தில் நீண்ட நேரம் சூடாக்கினால் கூண்டுகள் திறந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலைப்பின்னல் வடிவங்களாகும். அவை நீரை மெதுவாகவே எடுத்துக்கொள்ளும். ஒரே விகிதம், ஒரே பெயர், வேறு சுபாவம்.

ஈரக்கை

எல்லாம் சரி, இவ்வளவு ஆபத்தான பொருள் எதற்கு? கால்சியம் குளோரைடோ சிலிக்கா ஜெல்லோ வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே. சிலிக்கா ஜெல்லைச் சூடாக்கித் திரும்பவும் பயன்படுத்தலாம். ஓடு கட்டாது, சீறாது. இந்தப் பென்டாக்சைடு பழைய பேராசிரியர்களின் பிடிவாதம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கண்ணாடிக்கலம்

பாதி ஒப்புக்கொள்கிறேன். பத்தில் ஒன்பது வேலைக்கு சிலிக்கா ஜெல் போதும். அந்தப் பத்தாவது வேலைக்காகத்தான் இது.

25 டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு லிட்டர் காற்றில் சுமார் 23 மில்லிகிராம் நீர் இருக்கும். கால்சியம் குளோரைடு வழியே செலுத்தினால் மிஞ்சுவது 0.1 முதல் 0.2 மில்லிகிராம். அடர் கந்தக அமிலத்துக்குப் பின் 0.003. பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்குப் பின் 0.00002. இது பிடிவாதமா தேவையா என்பது உங்கள் மாதிரி எந்த எண்ணைக் கேட்கிறது என்பதைப் பொறுத்தது.

ஆனால் ஈரக்கை சொன்னதில் நான் முழுமையாக ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: திரவங்கள். கரைப்பான்களை உலர்த்த இன்று மூலக்கூறு சல்லடையே சிறந்தது. அசிட்டோனில் பென்டாக்சைடைப் போட்டால் அசிட்டோனே தனக்குள் சேர்ந்து வேறொன்றாகிவிடும். ஆல்கஹால் எஸ்டராகிவிடும். அமீன்கள் அமிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். அசிட்டோநைட்ரைலில் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டால் ஆரஞ்சு நிறத்தில் பிசின் மாதிரி ஒன்று அடியில் படியும். அதைச் சுரண்டி எடுத்த குடுவைகளுக்குக் கணக்கில்லை. வாயுக்களில் அம்மோனியா கூடாது, ஹைட்ரஜன் குளோரைடும் கூடாது. நைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் டையாக்சைடு போன்றவற்றுக்குத் தடையில்லை.

தராசுமுள்

தொடுகோடு, ஒரு சின்னக் கணக்கைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். 142 கிராம் ஆக்சைடு முழுவதும் ஆர்த்தோ அமிலமாக 54 கிராம் நீர் வேண்டும், அதாவது தன் எடையில் 38 விழுக்காடு. இதைப் படித்துவிட்டு, "நூறு கிராம் வைத்தால் 38 கிராம் நீர் வரை கவலையில்லை" என்று பலர் நினைக்கிறார்கள். மெட்டா நிலைக்கு வரவே 18 கிராம் போதும், அது 12.7 விழுக்காடு. அதற்கு மேல் ஈர்ப்பு வேகமாக மங்கும். மேலே ஓடு கட்டியிருந்தால் இந்த 12.7 கூடக் கிடைக்காது.

ஆகவே அடுத்த முறை தூளைத் தட்டில் குவிக்காதீர்கள். கண்ணாடி இழைப் பஞ்சின் மேல் மெல்லிய அடுக்காகத் தூவுங்கள், அதன்மேல் பஞ்சு, மீண்டும் தூள். பரப்பு கூடினால் ஓட்டின் கொட்டம் குறையும். நுண்துளைத் தாங்கியில் ஏற்றி நிறங்காட்டியும் சேர்த்த ரகம் விற்பனைக்கு வருகிறது. ஈரம் ஏற ஏற நிறமற்ற நிலையிலிருந்து பச்சை, பிறகு நீலம். தட்டின் எடையையும் வைத்த அன்றே குறித்து ஒட்டிவையுங்கள். கண் ஏமாறும், தராசு ஏமாறாது.

மூன்றாம்பெஞ்சு

உலர்த்துவதைத் தவிர வேறு பயனே இல்லையா? தேர்வில் "பயன்களை எழுதுக" என்று கேட்டால் ஒரு வரியில் முடிந்துவிடுமே.

தராசுமுள்

தேர்வுக்கு எத்தனை மதிப்பெண் என்று தெரியவில்லை, நான் வியந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

நீரைப் பறிப்பதுதான் அடிப்படை. நீர் தனியாக இல்லாத இடத்தில், மூலக்கூறைக் கிழித்து ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் நீராக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு வேட்கை. அமைடிலிருந்து நீரை எடுத்தால் நைட்ரைல். நைட்ரிக் அமிலத்திலிருந்து எடுத்தால் டைநைட்ரஜன் பென்டாக்சைடு. மலோனிக் அமிலத்திலிருந்து எடுத்தால் கார்பன் சப்ஆக்சைடு என்ற விசித்திரமான வாயு, மூன்று கார்பன் வரிசையாக, இரு முனைகளிலும் ஆக்சிஜன். கந்தக அமிலத்திடமிருந்தே நீரைப் பறித்து சல்ஃபர் டிரையாக்சைடாக்கும். தானே பேர்பெற்ற நீர்நீக்கியான ஒன்றைக் கொள்ளையடிக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரிம வேதியியலில் இதன் தொல்லை கட்டி கட்டியாக நிற்பது, கலக்க முடியாதது. 1973-இல் வேதியியலாளர் ஈட்டன் குழுவினர் மீத்தேன்சல்ஃபோனிக் அமிலத்தில் இதைக் கரைத்துக் காட்டினார்கள். ஊற்றி அளக்கக்கூடிய திரவம். கனசதுர வடிவ மூலக்கூறான கியூபேனைச் செய்த அதே ஈட்டன்தான்.

தூய பாஸ்பாரிக் அமிலம் செய்ய பாஸ்பரஸை எரித்து, வரும் ஆக்சைடை நீரில் பிடிக்கிறார்கள். உரத்துக்கான அமிலத்துக்கு இந்தச் செலவு கட்டாது. அங்கே பாறையைக் கந்தக அமிலத்தில் கரைக்கிறார்கள், ஒரு டன் பி₂ஓ₅-க்கு ஏறத்தாழ ஐந்து டன் பாஸ்போஜிப்சம் மலை மலையாகக் குவிகிறது.

எனக்குப் பிடித்தது ஈரமானி. இரண்டு பிளாட்டினக் கம்பிகளுக்கு இடையே இந்த ஆக்சைடின் மெல்லிய பூச்சு. உலர்ந்த பூச்சில் மின்சாரம் ஓடாது. வாயுவில் வரும் நீரை அது பிடித்ததும் ஓடத் தொடங்கும், அந்த மின்சாரமே பிடித்த நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் உடைத்து வெளியேற்றும், பூச்சு பழையபடி உலரும். மின்னோட்டத்தை அளந்தால் ஃபாரடே விதிப்படி நீரின் அளவு நேராக வந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் வாயு ஓடினால், பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஈரத்துக்குச் சுமார் 13 மைக்ரோஆம்பியர். அடுப்பில் ஆகாது என்று நான் உங்களுக்குச் சொன்ன அந்தத் திரும்புதலை, மின்சாரம் இங்கே நொடிக்கு நொடி செய்துகொண்டிருக்கிறது.

உப்புமூட்டை

எலும்போடு ஒட்டும் கண்ணாடியை விட்டுவிட்டீர்கள். லாரி ஹென்ச் 1969-இல் தொடங்கிய பயோகிளாஸில் 6 விழுக்காடு பி₂ஓ₅. இங்கேயும் அது கணக்கில் மட்டுமே உள்ள பி₂ஓ₅தான். மூட்டையில் செய்த வேலையைக் கண்ணாடியிலும் செய்கிறார்கள்.

தராசுமுள்

பி.கு. தொடுகோடு, அப்புறப்படுத்தும்போது அந்தக் கரைசலில் கொஞ்சம் எடுத்து வையுங்கள். பனிநீரில் கரைத்த உடனே அது ஆர்த்தோ அமிலம் ஆகிவிடாது. கூண்டு முதலில் பாதிதான் திறக்கும். நான்கு பாஸ்பரஸ் கொண்ட வளைய அமிலம் உண்டாகும், அதுவும் மெட்டா வகைதான். கொதிக்கவைத்தால்தான் மீதிப் பாலங்கள் அறுபடும். தாமஸ் கிரஹாம் 1833-இல் ஆர்த்தோ, பைரோ, மெட்டா மூன்றும் வெவ்வேறு அமிலங்கள் என்று பிரித்துக் காட்டியது இந்தக் குழப்பத்தைத்தான். சில்வர் நைட்ரேட் போட்டால் மெட்டா வெள்ளை, ஆர்த்தோ மஞ்சள். கரைசல் நடுநிலையில் இருக்க வேண்டும், அமிலமாக இருந்தால் மஞ்சள் வீழ்படிவு கரைந்துவிடும்.

ஈரக்கை

இதைத் தெரியாமல் பனிநீரில் கரைத்த கையோடு தரம்பார்த்து, பினால்ப்தலீன் நிறங்காட்டி காட்டும் முடிவுநிலை ஏன் முன்பே வந்துவிடுகிறது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். காரக் கரைசலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

தொடுகோடு

எல்லோருக்கும் நன்றி. முடித்துவிட்டேன், நடந்ததை எழுதுகிறேன்.

கண்ணாடிக்கலம் ஐயா சொன்னபடி பெரிய பீக்கரில் பனிக்கட்டி. முதல் துண்டை வெறும் ஓடு என்று நினைத்துச் சற்று அலட்சியமாகப் போட்டேன். மிதக்காமல் நேராக அடிக்குப் போய் அமைதியாகக் கிடந்தது. ஒன்றுமில்லை என்று அடுத்ததற்குக் கை நீட்டும் நேரத்தில், அதன் அடிப்பக்கத்திலிருந்து சீறல் கிளம்பியது. ஓட்டின் உட்புறத்தில் கால் அங்குலத்துக்கு மாவு போன்ற வெள்ளைத் தூள் ஒட்டியிருந்திருக்கிறது. அடுத்த துண்டுகளை உளுந்து அளவுக்கு உடைத்தே போட்டேன். மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கண்ணாடித் துண்டு போன்ற சில சில்லுகள் மறுநாள் காலை வரை கரையாமல் அடியில் கிடந்தன.

சில்வர் நைட்ரேட் சோதனையையும் செய்தேன். எடுத்துவைத்த கரைசலை நடுநிலையாக்கும்போது சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு கூடிவிட்டது போல. பழுப்பு நிறத்தில் வீழ்ந்தது. புத்தகத்தில் வெள்ளையும் மஞ்சளும்தானே என்று திகைத்து, பிறகுதான் அது சில்வர் ஆக்சைடு என்று உறைத்தது. இரண்டாம் முறை வெள்ளை. கெட்டியான, தயிர் மாதிரியான வெள்ளை.

மீதியில் நைட்ரிக் அமிலம் சில சொட்டுகள் விட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, இந்த முறை அம்மோனியாவை நீர்த்துக் கவனமாகச் சேர்த்தேன். சில்வர் நைட்ரேட்டின் முதல் சொட்டு விழுந்த இடத்தில் வெள்ளையாகத்தான் கலங்கியது போலிருந்தது. குலுக்கியதும் சோதனைக் குழாய் முழுக்க மஞ்சள்.

புதுத் தட்டில் பஞ்சு அடுக்கி 60 கிராம் தூவியிருக்கிறேன். எடையை எழுதி ஒட்டியாயிற்று.